மூடியில் ஒரு துளை

காலை ஆறு மணி. தங்கையின் கணவர் கொட்டகையின் தகரக் கதவைத் திறந்தார், கூடவே வாயையும்.

பல் டாக்டர் அவர். இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டியவர். எஞ்சினைப் பொருத்தியது மட்டும் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். ஆகவே குறையெல்லாம் மச்சான் தலையில். டாக்டர் இரண்டு முறை பறந்தார். இரண்டு முறையும் மேலே போன சற்று நேரத்தில் எஞ்சின் இருமி வலுவிழந்தது. எப்படியோ ஓடுபாதைக்குத் திரும்பிவிட்டார். தரையில் கட்டிப்போட்டு ஓட்டினால் மட்டும் சிங்கம் மாதிரி உறுமியது.

மச்சான் பிளக்கை மாற்றினான். கார்புரேட்டரைப் பிரித்தான். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தான். தங்கை டீ கொண்டுவரும் நேரம் பார்த்து டாக்டர் சொன்னார்:

"என் கிளினிக்ல உன்னை மாதிரி ஒரு சொத்தை வந்தா, மரத்துப்போற ஊசிகூடப் போடமாட்டேன் மச்சான். அப்படியே பிடுங்கிடுவேன்."

தங்கை சிரித்தாள். சிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அண்ணனுக்குத் தெரியும். அவள் முழங்கையில் கன்றிய நீலம் இன்னும் ஆறவில்லை.

டாக்டர் ஓடுபாதையைப் பார்க்கப் போனார். மச்சான் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிப் பார்த்தான். அழகாக இருக்கட்டும் என்று தங்கை அடித்த சிவப்பு பெயிண்ட், மூடியின் நடுவில் இருந்த காற்றுத் துளையை அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. தரையில் ஓட்டும்போதெல்லாம் அளவு பார்க்க மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். சிங்கத்தின் ரகசியம் அவ்வளவுதான்.

ஒரு குண்டூசி போதும். சட்டைப் பையில் இருந்தது. துளைவரை கொண்டுபோனான்.

பிறகு ஊசியைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு மூடியை இறுக்கினான். டாக்டர் வந்ததும், கார்புரேட்டரில் தூசி இருந்தது, எடுத்தாயிற்று, இனி பறக்கலாம் என்றான். குரல் பிசிறவில்லை.

டாக்டர் கொட்டகைப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார்.

"வா, ஏறு. உங்க அண்ணன் வேலைக்கு என் உயிரை மட்டுமா பணயம் வைக்கிறது?"

"தங்கச்சி எதுக்கு மாப்பிள்ளை?"

"ஏன், வேலை சுத்தமில்லையா?"

இப்போது சொன்னால், இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.

தங்கை பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நேர் முன்னால், கண்ணாடிக்கு வெளியே, சிவப்பு மூடி. எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்தது. அவள் பக்கவாட்டில் தலையை நீட்டிக் கத்தினாள்:

"அண்ணா, எல்லாம் பாத்துட்டல்ல?"