முதுகு காட்டிய நாற்காலிகள்

நாற்காலிகளைப் பார்த்ததும் லவோன் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடம் முழுக்க வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள், எல்லாம் மேடையைப் பார்த்து. வழக்கமாக மேடை இருக்கும் இடம் பின்சுவரின் அடி. அந்தச் சுவரில்தான் இப்போது அவளுடைய ஓவியங்கள் தொங்கின. மேடையைத் தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோயிருந்தார்கள். ஊரே அவள் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப்போகிறது.

பழைய தீயணைப்பு நிலையத்தை ஊர்க்காரர்களே சேர்ந்து கலைக்கூடமாக்கிய இடம் அது. கண்ணாடிக் கதவில் வரப்போகும் நிகழ்ச்சிகளை எழுதி ஒட்டுவார்கள். இந்தச் சனிக்கிழமைக்கு லவோன் ட்வெட் ஓவியக் கண்காட்சித் திறப்பு என்று போட்டு, அதற்குக் கீழேயே மினியாபொலிஸ் வயலின் குழுவின் கச்சேரி என்றும் போட்டிருந்தார்கள். கச்சேரிக்கு வருகிற கூட்டம் அப்படியே படங்களையும் பார்க்கும் என்று சொன்னார்கள். அவளும் நம்பினாள். நம்பினாளே, அதைச் சொல்ல வேண்டும்.

படங்கள் எல்லாம் வான்கோழி ஆலைப் பெண்கள். லவோனே வெட்டும் பிரிவில் பல வருஷம் நின்றவள். தலையில் வலை, ரப்பர் ஏப்ரன், தூக்கம் கெட்ட கண்கள் என்று ஒவ்வொருத்தியையும் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தாள். நடுவில் இருந்தது மார்லிஸ். வலது கையை நெஞ்சின்மேல் வைத்திருக்கிறாள், அதில் இரண்டு விரல்கள் இல்லை. மெஷின் தின்றுவிட்டது. அவள் கவனக்குறைவு என்று ஆலை கையைக் கழுவிக்கொண்டது. பாதி ஊருக்கு ஆலைதான் சோறு போடுகிறது, அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மார்லிஸ் கையைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. படத்துக்கு உட்காரச் சொல்லி லவோன் மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகுதான் வந்தாள்.

“இந்த ஊர்க்காரங்க ஒரு தடவையாவது இதை நேருக்கு நேர் பாக்கணும்டி. அதுக்குத்தான் உக்கார்றேன்” என்று சொல்லியிருந்தாள். பார்ப்பார்கள் என்று லவோனும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

நேரே கலைக்கூடக் குழுவின் தலைவர் டுவேனிடம் போனாள், அந்தக் குழுவில் அவளும் ஒருத்தி. மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் மென்று விழுங்கினார். கச்சேரிச் செலவு முழுக்க ஆலையுடையதாம். மேனேஜர் கர்டிஸ் மனைவியோடு வருகிறாராம். காலையில் போன் பண்ணி, படங்கள் இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணுக்கு எதிரே மட்டும் வேண்டாம் என்றாராம். ஏதோ அவளுக்கு உபகாரம் செய்தவர் மாதிரி இதையெல்லாம் சொன்னார்.

“நான் ஒரு படத்தையும் கழட்டலையே லவோன். நாற்காலி எந்தப் பக்கம் பாத்தா என்ன?”

“அப்ப நீயும் செவுத்தைப் பாத்து நின்னு மைக்ல பேசு. நாங்க உன் முதுகைப் பாத்துக்கறோம்.”

டுவேன் ஜன்னலைப் பார்த்து, ராத்திரி பனி கொட்டும்போல இருக்கிறது என்றார். இந்த ஊரில் பேச்சு சங்கடமானால் வானிலைக்குத் தாவிவிடுவார்கள். லவோன் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், இவர்கள் ரோஷப்பட வேண்டிய நேரத்திலெல்லாம் பனி கொட்டியிருக்கிறது.

கூட்டம் வந்தது. தேவாலயத்தில் செய்கிற மாதிரியே எல்லோரும் கடைசி வரிசைக்கு அடித்துப்பிடித்துப் போனார்கள். இரண்டு எட்டு வைத்தால் படம், ஆனால் திரும்பிப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அவர்களும் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் உள்ளாடையைப் பார்த்துவிட்டவர்கள்போலச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு மகானுபாவன் தன் குளிர்கோட்டைக் கழற்றி மார்லிஸ் படத்தின் மூலையிலேயே மாட்டினான். கை மறைந்துபோனது. லவோன் அதை எடுத்து அவன் மடியில் போட்டாள், அவன் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். மரியாதைக்கு மட்டும் இங்கே குறைச்சலே கிடையாது. ஆலைக்காரருக்கென்று ஒதுக்கிய முதல் வரிசையில் கர்டிஸும் மனைவியும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

இடைவேளையில் காபிக்கும் எலுமிச்சைக் கேக்குக்கும் எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். கோட்டும் கைப்பையும் அவரவர் நாற்காலியிலேயே இருந்தன. மேலே மிஞ்சியது மார்லிஸ் ஒருத்திதான். நாலு பேர் நடுவே கோப்பை பிடிக்கப் பிடிக்காமல் சுவரோரம் நின்றிருந்தாள். கை பைக்குள்.

அவளைப் பார்க்கவே லவோனுக்குக் கூசியது. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்து, கோட்டோடு சேர்த்துத் திருப்பிப் போட்டாள். பிறகு அடுத்தது.

“என்னடி பண்றே? குழுவை விட்டே தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும். உனக்கு வாக்குக் குடுத்தேன்ல?”

மார்லிஸ் பையிலிருந்து கையை எடுத்தாள். இருவரும் வரிசை வரிசையாகத் திருப்பிக்கொண்டே போனார்கள். கடைசியில் மார்லிஸ் முதல் வரிசைக்குப் போய், மேனேஜர் தம்பதியின் இரண்டு நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து, தன் படத்துக்கு நேர் எதிரே போட்டாள். அந்தம்மாளின் ரோமக்கோட்டு நழுவாமல் பார்த்துக்கொண்டாள்.

“முதல் வரிசைக்காரங்க முதல் வரிசையிலேயே இருக்கட்டும்” என்றாள்.

கூட்டம் மேலே வந்தது. வேறு ஊராக இருந்தால் ரகளை ஆகியிருக்கும். இவர்கள் கோட்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள், அங்கே போய் உட்கார்ந்தார்கள். நாற்காலி திரும்பியிருக்கிறதே என்று கேட்டு அடுத்தவரைச் சங்கடப்படுத்த ஒருவருக்கும் மனசு வரவில்லை. வித்தியாசமாக இருக்கிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள், இங்கே அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. கர்டிஸ் நின்று தயங்கினார். மனைவி தன் கோட்டைக் கண்டு உட்கார்ந்துவிட்டாள், அவரும் உட்கார வேண்டியதாயிற்று. டுவேன் கையில் எலுமிச்சைக் கேக்கோடு வாசலில் வந்து உறைந்துபோனார். அதற்குள், இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்ட வயலின்காரர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஊர் படங்களைப் பார்த்தது. அக்காவை, மாமியாரை, பக்கத்து வீட்டுக்காரியை அடையாளம் கண்டுகொண்டது. கர்டிஸ் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் அந்தக் கையைப் பார்த்தார். அவர் மனைவி காதோடு ஏதோ கேட்டாள். அவர் மேடைப் பக்கம் கழுத்தைத் திருப்பினார். மறுபடியும் கேட்டாள்.

வாசிப்பு முடிந்தது. எந்தப் பக்கம் திரும்பிக் கைதட்டுவது என்று தெரியாமல் கூடம் விழித்தது. அந்த நிசப்தத்தில் மேனேஜர் மனைவியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“கேக்கறேன்ல, கர்டிஸ்? இவங்க கைக்கு என்ன ஆச்சு?”

படத்தின் பக்கத்தில் நின்றிருந்த மார்லிஸ் ஓரடி முன்னால் வந்தாள்.

“அவருக்குத் தெரியும்மா. மெஷினுக்கு மூடி இல்லைன்னு நாங்க அவர்கிட்ட போய்ச் சொன்னோம். இந்தக் கைக்கு அப்பறம்தான் மாட்டினாரு.”

கையைத் தூக்கிக் காட்டினாள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.