சம்பந்தி தட்டில் கை வைத்தவர்

மொரோகோரோ பேருந்து நிலையத்தில் கொபெலோ தாத்தா திட்டு வாங்குவதற்காகக் காத்திருந்தார்.

திட்ட வேண்டியவளுக்கு ஆறு வயது. பெயர் துனு. மகள் ஜுஹுராவின் ஒரே பெண். பள்ளி விடுமுறை விட்டால் அம்மாவோடு தார் எஸ் சலாமிலிருந்து வந்து இறங்குவாள். இறங்கியதும் நல்ல பிள்ளையாகத் தலையைக் குனிந்து "ஷிக்கமூ" என்று வணக்கம் சொல்லுவாள். தாத்தாவும் "மரஹபா" என்று பெரிய மனுஷனாக ஏற்றுக்கொள்வார். அந்தச் சொல் அவர் வாயை விட்டு முழுதாக வெளியே வருவதற்குள் முதல் திட்டு வந்து விழும். போன தடவை, "தாத்தா, உன் பல்லெல்லாம் எந்த ஸ்டாப்புல இறங்கிப் போச்சு? ஹாரன் அடிச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள். வாழைப்பழக் கூடைக்காரிகளெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பேருந்து ஓட்டியும் கொபெலோவுக்குக் கிடைக்காத கைதட்டல் அது.

அந்தப் பக்கத்தில் தாத்தாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவே உட்டானி என்றொரு கேலி உறவு உண்டு. திட்டலாம், தட்டில் இருப்பதைத் திருடலாம். பட்டவர் சிரித்தாக வேண்டும். கோபப்பட்டால் குற்றம் கோபப்பட்டவர் மேல்தான். ஊர் வழக்கம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொபெலோ சொந்தமாகச் சேர்த்தது. பேருந்து நிலையத் திட்டு புதிதாக இருக்க வேண்டும், பழையதைச் சொன்னால் செல்லாது. அன்றைக்கே வீட்டில் நாட்டுக்கோழி. கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவரின் பங்கு, வேறு யாரும் தொடக் கூடாது. ஆகவே துனு அதைத்தான் திருட வேண்டும். திருடியதும் அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தைச் சுற்றித் துரத்த வேண்டும். "திருடி! திருடி! போலீஸ்!" என்று அவர் கத்துவதைக் கேட்டு ஒரு முறை நிஜமாகவே போலீஸ்காரர் ஒருவர் எட்டிப்பார்த்துவிட்டு, அவரும் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுப் போனார்.

இவ்வளவு மெனக்கெட ஒரு காரணம் இருந்தது. ஜுஹுரா குழந்தையாக இருந்தபோது கொபெலோ சாலையில் இருந்தார். அவளுக்கு அப்பா என்றால் வாசலில் கேட்கும் ஹாரன் சத்தம், கையில் ஒரு ஆரஞ்சுப்பழம், பிறகு புறப்படும் சத்தம். பேத்திக்காவது நினைத்துச் சிரிக்க ஏதாவது விட்டுவைக்கலாமே என்று பார்த்தார்.

பேருந்து வந்து நின்றது. துனு இறங்கினாள். புதிதாகத் தலை பின்னி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். தாத்தாவுக்கு முன்னால் வந்து தலை குனிந்தாள்.

"ஷிக்கமூ, தாத்தா."

"மரஹபா!" என்றார் அவர். சொல்லிவிட்டு, அடி வாங்கத் தயாரான மத்தளம் போல நின்றார்.

"உடம்பு நல்லா இருக்கீங்களா, தாத்தா? பாட்டி நல்லா இருக்காங்களா? பயணம் நல்லபடியா இருந்துச்சு."

இருக்கீங்களா. அந்த 'ங்க' அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கூடைக்காரி ஒருத்தி, "என்ன கொபெலோ அண்ணே, இன்னிக்கு ஆட்டம் இல்லையா?" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இல்லாத அவசரத்தோடு நடந்தார்.

ஏன் என்று அவருக்குத் தெரியும். வேறு யாரும் செய்யவில்லை, அவரேதான் செய்தார்.

போன ஈத் பெருநாளுக்குச் சம்பந்தி சிங்கானோ முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார். தாங்கா நகரில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சோற்றைக்கூட விடைத்தாள் திருத்துவது போல ஓரத்திலிருந்து சாப்பிடுகிற மனிதர். சம்பந்தி முன்னால் உரக்கச் சிரிப்பதே அந்த ஊரில் தப்பு. கொபெலோ அன்று தன் வாயைப் பூட்டிச் சாவியை மனைவி மவானைதியிடம் கொடுத்துவிட்டவர் போல இருந்தார். விருந்தாளி என்பதால் இரைப்பை சம்பந்தி தட்டுக்குப் போனது.

துனு வந்தாள். இரைப்பை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். சம்பந்தி தட்டிலிருந்து அதை எடுத்தாள்.

பாயில் இருந்த அத்தனை பேரும் கல்லாகிப் போனார்கள். கொபெலோவுக்குக் காது வரை சூடேறியது. பட்டென்று அவள் கையில் அடித்தார். இரைப்பை பாயில் விழுந்தது.

"இவரும் தாத்தாதானே?" என்றாள் துனு. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"வாய மூடு! மரியாத தெரியாத பிள்ள! பெரியவங்க முன்னால என் மானத்த வாங்குறியா? எந்திரிச்சுப் போ!"

அவள் எழுந்து போனாள். இரைப்பையைப் பூனை தூக்கிக்கொண்டு போயிற்று. அன்று அந்த வீட்டில் ருசித்துச் சாப்பிட்டது பூனை மட்டும்தான்.

இப்போது வீட்டுக்கு வந்ததும் கொபெலோ எத்தனையோ வித்தை காட்டிப் பார்த்தார். தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "தாத்தா, தொப்பி திரும்பியிருக்கு, நான் சரி பண்ணட்டுமா?" என்றாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து ஆட்டைப் போலக் கத்தினார். "இருமலா தாத்தா? வெந்நீர் கொண்டு வரட்டுமா?" என்றாள். கடைசியில் அவரே வெட்கத்தை விட்டு, "என் தலையப் பாரு, உரிச்ச முட்ட மாதிரி இல்ல?" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் யோசித்துவிட்டு, "இல்ல தாத்தா, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"எவ்வளவு பணிவா ஆயிட்டா பாருங்க," என்றாள் ஜுஹுரா, கீரையை ஆய்ந்துகொண்டே. "ஸ்கூல்ல டீச்சர்கூடச் சொன்னாங்க."

"ஆமாமா," என்றார் கொபெலோ. பாகற்காயைக் கடித்தவர் போல முகம் போயிற்று.

ஜுஹுரா கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாளைக்கு மாமா வர்றாரு அப்பா. ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அன்னிக்கு ஈத் முடிஞ்சு பஸ்ல போறப்ப அவரு எங்கிட்ட கேட்டாரு. 'பிள்ள என்னைத் தாத்தான்னு நெனச்சுத்தானம்மா எடுத்துச்சு? உங்கப்பா ஏன் தடுத்தாரு? என்கிட்ட இதுவரைக்கும் யாரும் எதையும் திருடினதே இல்ல'ன்னு. செருப்பு, பலாமரம்னு உங்க ஆட்டத்தையெல்லாம் நான் சொன்னேன். கேட்டுட்டு ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாரு."

ஒரே அடியில் இரண்டு பேரை அடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் கொபெலோவுக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அவரும் தாத்தாதான். சம்பந்தி என்பது கொபெலோவுக்கு. துனுவுக்கு அவர் யார் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்காமல் பிரேக் போட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசிய டிரைவர் அவர்.

"அபராதம் கட்டு," என்றாள் மவானைதி அடுப்படியிலிருந்து. அவள் காதுக்குச் சுவர் கிடையாது. "உட்டானியில கோவப்பட்டவன் கோழி குடுக்கணும். நீதான ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லுவ?"

சாயங்காலம் கொபெலோ சந்தைக்குப் போய் நல்ல சிவப்புக் கோழியாக ஒன்று வாங்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால், வாழை மறைவில், யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு துனுவைக் கூப்பிட்டார். கோழியை நீட்டினார்.

"இந்தா. தாத்தாவோட அபராதம். அன்னிக்குக் கோவப்பட்டுட்டேன்ல."

துனு கோழியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நன்றி, தாத்தா. பாட்டிகிட்ட குடுத்துடட்டுமா?"

"உனக்குத்தான்டி!"

"சரி, தாத்தா," என்று சொல்லிவிட்டுப் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மவானைதி கோழியின் காலைக் கட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஜுஹுரா அப்பா, திட்டினது பந்தியில. மன்னிப்பு மட்டும் வாழத் தோப்புலயா? புள்ளைக்கு அவ்வளவு கூடவா தெரியாது?"

"சம்பந்தி முன்னால எப்படிடி..."

"ஆமா, அவரு முன்னால மானம் போயிடும். புள்ளைக்கு அன்னிக்கு என்ன போச்சாம்?"

மறுநாள் மதியம் பாய் விரித்தாயிற்று. தேங்காய்ப்பால் சோறு, அதே சிவப்புக் கோழி. சிங்கானோ கழுத்துப் பொத்தான் போட்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். துனு சொம்பும் கிண்ணமும் எடுத்து வந்து பெரியவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. கொபெலோவின் கைக்கு ஊற்றும்போது அவள் அவர் விரல்களையே பார்த்தாள். போன ஈத்துக்கு அடித்த கை அது. அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் அவர் தேவைக்கு மேல் நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மவானைதி இரைப்பையைச் சம்பந்தி தட்டில் வைத்தாள். வைத்துவிட்டுக் கணவனை ஒரு பார்வை பார்த்தாள். சிங்கானோ இரைப்பையைப் பார்த்தார், துனுவைப் பார்த்தார். தட்டைக் கொஞ்சமாக, யாரும் கவனிக்கக் கூடாத அளவுக்கு, அவள் பக்கம் நகர்த்தினார். துனு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் கொபெலோ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். கையை நீட்டி, சம்பந்தி தட்டிலிருந்து இரைப்பையை எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"யா அல்லா," என்றாள் மவானைதி. அவள் எதிர்பார்த்தது இதுவல்ல. ஜுஹுராவின் கையிலிருந்த கரண்டி சோற்றுக்குள்ளேயே நின்றது.

கொபெலோ மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. இரைப்பையை மெல்ல அவருக்குப் பல் இல்லை. வருஷக்கணக்காக வீட்டுத் தலைவரின் பங்கைத் துனுவிடம் பறிகொடுத்ததில் அவருக்கு இழப்பு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது அது ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய்வந்ததே தவிர, உடைகிற வழியாக இல்லை. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. அந்த நிலையில் அவர் பேச ஆரம்பித்தார்.

"சம்பந்தி, மன்னிக்கணும். திருடிட்டேன். அன்னிக்கு இவ எடுத்தது சரி. நீங்க இவளுக்குத் தாத்தா, உங்க தட்டுல கை வைக்க இவளுக்கு உரிமை இருக்கு. எனக்கு இல்ல. நான் உங்களுக்குப் பயந்துக்கிட்டு இவ கையில அடிச்சேன். எல்லார் முன்னாலயும் அடிச்சேன்." கன்னத்தில் இரைப்பை இருந்ததால் பாதிச் சொல் நசுங்கித்தான் வந்தது. ஆனால் புரியாமல் போகவில்லை. "துனு, தப்பு தாத்தாவோடது."

வெளியே பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. சிங்கானோ தன் காலித் தட்டைப் பார்த்தார். கொபெலோ தன் கதை முடிந்தது என்று நினைத்தார்.

சிங்கானோ கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பள்ளிக்கூடத்துக் குரலில், "துனு," என்றார்.

"சொல்லுங்க, தாத்தா."

"திருடன் கையும் களவுமா பிடிபட்டிருக்கான். பொருளு வாயிலயே இருக்கு. என்ன தண்டனை குடுக்கலாம்?"

துனு ஒரு தாத்தாவைப் பார்த்தாள். இன்னொரு தாத்தாவைப் பார்த்தாள். இது நிஜமா, வேறு ஏதாவது கண்ணியா என்று அவள் எடை போடுவது தெரிந்தது. ஆறு வயது முகத்தில் அந்தக் கணக்கைப் போட வைத்தவர் கன்னத்தை உப்பிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"மெல்லட்டும்," என்றாள் துனு.

"அவ்வளவுதானா?"

"மென்னு முழுங்கற வரைக்கும் யாரும் தண்ணி குடுக்கக் கூடாது."

"நல்ல தீர்ப்பு," என்றார் சிங்கானோ. "மெல்லுங்க சம்பந்தி."

கொபெலோ மென்றார். ஈறு வலித்தது. கண்ணில் நீர் வந்தது. அதற்கு இரைப்பை ஒரு நல்ல சாக்கு. தாடை ஒரு பக்கம் போக மூக்கு ஒரு பக்கம் போக, பழைய வண்டி மலையேறுவது போல அவர் மென்றதைப் பார்த்து ஜுஹுரா முதலில் சிரித்தாள். அப்பாவைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. துனுவின் உதடும் துடித்தது. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு, அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சிரித்தாள்.

முன்பெல்லாம் அவள் பார்த்ததில்லை.

இதை வேறு யாரும் கவனிக்கவில்லை. மவானைதி தலையில் அடித்துக்கொண்டே எல்லாருக்கும் சோறு போட்டாள். சிங்கானோ தன் தட்டுக்கு வந்த கோழிக்காலை விளிம்பு வரை தள்ளி வைத்துவிட்டு, ஜன்னல் வழியே பலாமரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார். துனுவின் கை மடியிலிருந்து எழுந்தது. பாதியில் நின்றது. மறுபடியும் அவள் கொபெலோவின் முகத்தைத் தேடினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்க முகமே இல்லாவிட்டால் ஒருவேளை அவள் பார்க்காமலே எடுத்துவிடுவாள். இருட்டுக்குள் உட்கார்ந்து இரைப்பையை மென்றார்.

கண்ணைத் திறந்தபோது சிங்கானோவின் தட்டில் கோழிக்கால் இல்லை. துனுவும் பாயில் இல்லை. தலைமை ஆசிரியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை வைத்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல், வாசலில் நின்று கேட்டார்: "சம்பந்தி, மரத்தை எந்தப் பக்கமா சுத்தணும்?"

"வலது பக்கம்," என்றார் கொபெலோ. "கத்தணும். திருடின்னு கத்தணும்."

சிங்கானோ ஓடினார். வெளியே துனுவின் கூச்சல் கேட்டது. "தாத்தா, உன் ஓட்டம் ஆமை மாதிரி இருக்கு!" நீ என்றுதான் சொன்னாள். அந்தத் தாத்தாவிடம்.

கொபெலோ பாயில் தனியாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வரவேண்டிய திட்டு இன்னும் வரவில்லை. இரைப்பையும் இன்னும் உடையவில்லை. தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.