ஒரே இரவுக்கு இரண்டு அறை

ஜப்பானின் கனாசாவா நகரில் ஒரே இரவுக்கு இரண்டு இடங்களில் அறை பதிவுசெய்து வைத்த புத்திசாலி குராமோச்சிதான். தெருவின் இந்தப் பக்கம் பாய் விரித்த பழைய விடுதி. எதிரே புதிதாய் முளைத்த சொகுசு ஹோட்டல். இனி எதையும் ரத்து செய்ய முடியாது.

"எதுல தங்கலாம்?" என்று மனைவி சிசுருவைக் கேட்டார்.

"எதுன்னாலும் சரிங்க." கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் இதே பதில்தான்.

முதலில் விடுதியைப் பார்த்தார்கள். கழிவறைச் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே பாய் மேல் நடந்துவிட்டார் குராமோச்சி. விடுதிக்கார அம்மாள் "பரவாயில்லைங்க" என்று குனிந்த குனிவில் குராமோச்சியின் வம்சமே கூனிக்குறுகிப்போனது.

"அவங்க சொல்ற நேரத்துக்குத் திங்கணும், படுக்கையைச் சுருட்ட வந்தா எழுந்திரிக்கணும். ஜெயில்தான், பட்டு மெத்தை போட்ட ஜெயில்!" என்று வெளியே வந்து பொருமினார்.

ஹோட்டலில் பூசாத சிமெண்டுச் சுவர், கட்டிலைப் பார்த்தபடி கண்ணாடிக் குளியலறை.

"கொத்தனார் பாதியில ஓடிட்டான், அதுக்குப் பேரு டிசைன். என் தொப்பையை நீ படுத்துக்கிட்டே பார்க்க இவ்வளவு வாடகையா?"

மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

"வாயைத் திறந்து சொல்லேன்மா, இதா அதா?"

சிசுரு பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க விடுதியில படுங்க, நான் ஹோட்டல்ல. உங்க குறட்டை இல்லாம ஒரு ராத்திரியாவது தூங்கணும். காலைல சாப்பிட அங்க வந்துடறேன், நீங்க இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்காது. செருப்பை மட்டும் பார்த்துப் போடுங்க."