தொண்ணூறுக்குள்ள வரட்டும்

இந்த மாசம் இண்டைக்கு வரைக்கும் கரண்ட் எம்பத்தேழு யூனிட். நாளைக்குக் காலையில மீற்றர் வாசிக்கிறவர் வருவார். தொண்ணூறத் தாண்டினா முனவ்வறாட வாஷிங் மெசின் சாய்ந்தமருதுக்குப் போயிரும், அவட புருசன் இப்றாஹிம்ட கூடப் பொறந்த ராத்தா வீட்டுக்கு.

முனவ்வறா சீட்டுக் காசில வாங்கின மெசின் அது. வந்த மாசமே பில் எகிறிச்சி. "இதுதான்கா கரண்டத் தின்னுது," எண்டு இப்றாஹிம் முடிவு கட்டிட்டார். "தொண்ணூறுக்குள்ள வந்தா மெசின் இரிக்கட்டும். தாண்டினா வண்டி கொண்டு வருவன்."

அண்டையில இருந்து மெசினுக்குப் புடவையப் போத்தி வெச்சித்து, கையால துவைச்சா முனவ்வறா. ரைஸ் குக்கர் அலுமாரிக்கு மேல ஏறிச்சி. சம்பல் அம்மியில. இப்றாஹிம்ட சாறன மடிச்சி மெத்தைக்குக் கீழ வெச்சி, மேல அவரையே படுக்க வெச்சி அயன் பண்ணினா.

பக்கத்து வீட்டில இரிக்கிற அவட தங்கச்சி நஸீறா வேலிக்கு மேலால புத்தி சொல்லுவா. "சிக்கனம் வேணும் ராத்தா. என்னப் பாருங்க, கலர்த் தண்ணிய பிரிட்ஜில உறைய வெச்சி ஐஸ் பக்கட் போட்டு விக்கிறன். பில் முப்பது யூனிட்டும் வாறல்ல."

"உன்ட வாய்க்கு ஒரு சுவிட்ச் இல்லையாடி?"

பகல் சோறு திண்டித்து முனவ்வறா போய் மீற்றரப் பாத்தா. வீட்டில லைட் இல்ல, பேன் இல்ல, பிரிட்ஜக்கூடக் கழட்டியாச்சி. ஆனா மீற்றர்ட தகடு சுத்துது.

"இஞ்ச வாங்க! ஒண்டும் ஓடல்ல, இது ஓடுது!"

"ஜின்னாக்கும்," எண்டார் இப்றாஹிம்.

"ஜின்னுக்கு என்னத்துக்குக் கரண்ட்?"

மெயின் சுவிட்சப் படாரெண்டு இழுத்தா. தகடு நிண்டிச்சி. அந்த நிமிசமே அங்கால நஸீறா கத்தினா.

"ராத்தாஆ! இதென்ன புதினம்? அறையில பேன் சுத்துது, குசினியில கிரைண்டர் நிண்டிட்டு! பிரிட்ஜும் சத்தமில்ல!"

முனவ்வறா இப்றாஹிமப் பாத்தா. இப்றாஹிம் முருங்கை மரத்தப் பாத்தார்.

நஸீறாட கலியாணத்துக்கு நாள் வெச்சி, சீதன வீடும் கட்டி முடிச்சாச்சி, கரண்ட் மட்டும் வரல்ல. அதுக்காகக் கலியாணத்த நிப்பாட்டுவாங்களா? இந்த வீட்டில இருந்து ஒரு வயர் இழுத்து அவட குசினிக்குக் குடுத்தாங்க. பிறகு அவவுக்கும் மீற்றர் வந்திச்சி, வயர எல்லாரும் மறந்திட்டாங்க. நஸீறா ஐஸ் பக்கட் தொடங்கினதும் இவட மெசின் வந்ததும் ஒரே மாசம். வயர் இழுத்த ஆள் ஆரு? இப்றாஹிம்தான்.

முனவ்வறா பின்னுக்கு ஓடினா. முருங்கைக்குக் கீழால போற வயர்ல ரெண்டு சாறன் காயிது. "அல்லாஹ்வே! இத நான் கொடியெண்டெல்லோ நினைச்சன்!"

"அப்ப என்ட சிக்கனம்?" எண்டா நஸீறா.

"என்ட மீற்றர்லதான்டி ஓடினது!"

ரெண்டு பேரும் வேலியப் புடிச்சிக்கிட்டு, மூச்சு முட்ட முட்டச் சிரிச்சாங்க. இப்றாஹிம் மெல்லச் செருப்பத் தேடினார்.

"எங்க போறீங்க?"

"கடைக்கு."

"வயரக் கழட்டித்துப் போங்க மச்சான்!" எண்டா நஸீறா.

அடுத்த நாள் வாசிக்கிறவர் எம்பத்தொம்பது எண்டு எழுதினார். முனவ்வறா பில்லப் பறிச்சிக் கொஞ்சினதில மனுசன் பயந்து அடுத்த வீட்டுக்கு ஓடிட்டார்.

கையால துவைக்க ஏலாம ஒதுக்கி வெச்ச போர்வை, திரைச்சீலையெல்லாம் ஒரே தடவையில அமத்தி மெசினப் போட்டா. நிலம் கொஞ்சம் சரிவு. மெசின் துள்ளித் துள்ளி வாசலப் பாத்து வரத் தொடங்கிச்சி.

"இஞ்சாருங்க, புடிங்க! தானாவே சாய்ந்தமருதுக்குப் போகப் பாக்கிது!"

இப்றாஹிம் பாஞ்சி ரெண்டு கையாலயும் மெசினக் கட்டிப் புடிச்சார். அது ஆட அவரும் ஆடினார். பல்லெல்லாம் கடகடத்திச்சி.

"இ-இ-இது எ-எங்கயும் போ-போ-போகாதுகா!"