முதல் டம்ளர்

இந்த மலைக்கு என் மனைவியைப் பிடித்துவிட்டது.

அவள் கால் வைக்கும் இடத்தில் பாறை கொஞ்சம் இறங்கிக்கொடுக்கிறது. அவள் தாண்டியதும் எழுந்துகொள்கிறது. அதன்மேல்தான் நான் ஏற வேண்டும்.

எங்களுக்கு வீடு கிடையாது. ஒரு கூடாரமும் ஒரு கயிறும் உண்டு. கயிற்றின் ஒரு முனை சுகந்தியின் இடுப்பில், மறுமுனை என் இடுப்பில். கல்யாணமானதிலிருந்து மலை மலையாக ஏறிக்கொண்டிருக்கிறோம். மற்ற மலைகள் எங்கள் இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தின. இருவர் காலிலும் கொப்புளம் வந்தது. இருவரையும் அட்டை கடித்தது. சந்தோஷமாக இருந்தோம்.

நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஏற்றத்தில் பேசினால் மூச்சு வாங்கும். இறக்கத்தில் பேச எதுவும் மிச்சமிருக்காது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. உச்சியை முதலில் அடைகிறவர் டீ போட வேண்டும். முதல் டம்ளர் பின்னால் வருகிறவருக்கு. அவர் வந்து குடிக்கும்வரை போட்டவர் வாயில் வைக்கக் கூடாது.

இந்த மலையில் எப்போதும் சுகந்திதான் முதலில் போகிறாள். நான் ஏற ஏறப் பாதை நீள்கிறது. கயிறும் நீள்கிறது. நீளாது என்று சொல்லித்தான் விற்றார்கள். நான் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். அங்கேயே தூங்கிவிடுவோம். காலையில் உச்சி இன்னும் மேலே போயிருக்கும். மறுபடியும் ஏறுவோம்.

அன்று பாதி வழியில் வனக்காவலர் ஒருவர் குறுக்கே சங்கிலி கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“தனியாவா?”

“ஜோடியா. என் வீட்டம்மா முன்னாடி போயிருக்கா.”

“அந்தம்மா ஜோடியாத்தான் போனாங்க.”

“யார்கூட?”

அவர் குனிந்து தரையைத் தட்டிக் காட்டினார்.

“கயிறு என் இடுப்புலதான் இருக்கு,” என்றேன்.

“ஆட்டுக்கும்தான் கயிறு கட்டியிருக்கு,” என்று சங்கிலியை அவிழ்த்தார்.

உச்சியில் சுகந்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு சாய்வதற்கு வாகாகப் பாறை வளைந்திருந்தது. பக்கத்தில் கல்லின்மேல் ஈரமாக ஒரு வட்டம். அதிலிருந்து ஆவி வந்தது.

“முதல் டம்ளர் எங்க?”

“ஊத்திட்டேன்.”

“யாருக்கு?”

“நீ வரல. ஆறிப்போயிட்டிருந்துச்சு.”

“யாருக்குன்னு கேட்டேன்.”

“மலை கேட்டுச்சுப்பா. குடுத்தேன்.”

வெகுநேரம் நான் பேசவில்லை. மலையும் பேசவில்லை. அதன் மௌனம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

“வேற என்ன கேட்டுச்சு?”

“எப்ப இறங்குவேன்னு.”

“நீ என்ன சொன்ன?”

“நீ வந்ததும்னு சொன்னேன்.”

“அதனாலதான் இருட்டுறதுக்குள்ள என்னை வர விடமாட்டேங்குது.”

“அப்படியா?”

அவள் காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டாள். எனக்காக அவள் அதைச் செய்து வெகுநாள் ஆகிறது.

காலையில் அவள் எழுவதற்குமுன் அவளுடைய ஷூவை மாட்டிக்கொண்டேன். எனக்கு அது ரொம்பச் சின்னது. போட்டதும் கால் சின்னதாகிவிட்டது.

“அது என் ஷூ,” என்றாள்.

“தெரியும்.”

“எனக்கு?”

“என்னுது அங்க இருக்கு.”

அவள் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் ஷூவைப் போட்டுக்கொண்டாள். அவள் கால் பெரிதாகிவிட்டது.

மலை ஏமாந்தது. பாறைகள் எனக்கு இறங்கிக்கொடுத்தன. வெயில் சுட்டபோது ஒரு மேகம் வந்து தலைக்கு மேலே நின்றது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு இல்லை. என்னை யாரும் இதுவரை இப்படிக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

உச்சியில் அடுப்பை மூட்டினேன். என் முதுகுக்குப் பாறை வளைந்தது. கீழே சுகந்தி கையையும் ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒவ்வொரு கல்லும் எழுந்து நின்றது. கயிறு போய்க்கொண்டே இருந்தது. அதன் முனையில் அவள் ஒரு புள்ளியாக இருந்தாள்.

மலை என்னிடம் கேட்டது. குரல் எதுவும் இல்லை. உட்கார்ந்த இடம் கொஞ்சம் சூடானது, அவ்வளவுதான். எப்போது இறங்குவாய் என்று அதற்கு அர்த்தம்.

இப்போதே என்று சொல்லியிருந்தால் அவளைத் தடுத்து வைக்க அதற்குக் காரணம் இருந்திருக்காது. எனக்கு அது தெரியும்.

“அவ வந்ததும்,” என்றேன்.

கீழே பாதை நீண்டது. புள்ளி இன்னும் சிறியதானது.

டீ ஆற ஆரம்பித்தது. உட்கார்ந்த இடம் மறுபடியும் சூடானது. நான் டம்ளரைச் சாய்த்தேன். பாறை ஒரே மடக்கில் குடித்தது.

இடுப்பில் கயிறு இறுகியது. வெகுதூரத்திலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. கொஞ்சமும் மூச்சு வாங்காத குரல்.

“யாருக்குப்பா அது?”