கட்டம் கட்டமாக ஒரு முகம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பாயில் இன்னும் இடமிருக்கிறது. தீப்பெட்டி அளவே உள்ள ஒரு படத்தின் கதை சொல்கிறேன். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

திண்டிவனத்தில் சவுரியம்மாள் என்று ஒருத்தி. மகன் தென்னரசு, மகள் இசைவாணி. பட்டன் போன் காலத்தில், ஒரு கிறிஸ்துமஸுக்கு, இரவல் கேமராவில் இசைவாணி அண்ணனை வீடியோப் படம் பிடித்தாள். மாதா கோயில் வாசலில் நட்சத்திரம் கட்டுகிறான், திரும்புகிறான், பிடரியைச் சொறிந்துகொண்டே சிரிக்கிறான். அவ்வளவுதான். சத்தம்கூடக் கிடையாது.

தென்னரசுக்கு நெட் பைத்தியம். விழுப்புரம் பிரவுசிங் சென்டருக்குப் போய், பெரிய படத்தை ஒரு வீடியோ சைட்டில் ஏற்றினான். அம்மாவின் போனில் ஓட வேண்டுமே என்று அதையே 3ஜிபி என்கிற பட்டன் போன் ஃபைலாக நசுக்கிக் கொண்டுவந்தான். கேமராவைத் திருப்பித் தருவதற்கு முன் அதிலிருந்ததை அழித்தும்விட்டான்.

“நெட்டுல ஏத்திட்டேம்மா. நாம செத்தாக்கூட அது அழியாது.”

“வாயில நல்ல வார்த்தையே வராதாடா உனக்கு?”

மறு வருஷம் விக்கிரவாண்டி பக்கம் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். சில வருஷத்தில் அந்த சைட்டையும் மூடிவிட்டார்கள். சுவரிலிருந்த அவன் போட்டோ ‘தானே’ புயல் மழையில் ஊறி வெளுத்தது. மிஞ்சியது போனிலிருந்த அந்தத் துண்டுதான். தினமும் செபம் முடிந்ததும் சவுரியம்மாள் அதைப் பார்ப்பாள். பார்த்த பிறகுதான் சோறு.

இந்த வருஷம் பேட்டரி உப்பி, போன் செத்தது. கிழவி தட்டைத் தள்ளிவைத்தாள். மெமரி கார்டை இசைவாணியின் புதுப் போனில் போட்டால், இந்த ஃபைல் திறக்காது என்றது.

இசைவாணி விழுப்புரம் பஸ் ஏறினாள். அவளுக்கு அழுகை நின்று வெகுகாலம். விக்கிரவாண்டி டோல்கேட் வந்தது. அண்ணன் விழுந்த இடத்தையும் பஸ் தாண்டியது. அவள் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு அருகே மணிமாறன் என்பவனின் போட்டோ ஸ்டூடியோ. கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான்.

“எம்பி4-ஆ மாத்திட்டா ஓடும்க்கா. ஆனா இதுல மூஞ்சி எங்க கீது? நாலு கட்டம்தான் தெரியுது. ஏஐல வுட்டு கிளியர் பண்ணட்டா? ஜல்தியா ஆயிடும்.”

“பண்ணுங்க.”

திரையில் ஒரு முகம் தெளிந்து வந்தது. கூரான மூக்கு, வரிசைப் பல்.

“இவருதானே?”

“ஆமா, எங்கண்ணன்தான்.”

எம்பி4-ஆக மாற்றிய பழையது, தெளிந்தது, இரண்டையும் போனில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். தெளிந்ததை முதலில் அம்மாவிடம் காட்டினாள்.

“யாருடி இந்தப் புள்ள? ராசா மாதிரி கீறான்.”

“நம்ம அண்ணன்மா.”

“சொறியற கை அவன் கைதான். மூஞ்சி யாருதோ.”

கடையில் தான் ஆமா என்று சொன்னது இசைவாணிக்கு நினைவு வந்தது. அண்ணன் முகத்தை மனசில் தேடினாள். கூரான மூக்குதான் வந்தது. வற்றிய கிணற்றில் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. பழையதைப் போட்டாள்.

“தோ! வந்துட்டான் எம்புள்ள.”

“எங்கம்மா தெரியுது? கட்டம் கட்டமாத்தானே கீது?”

“கண்ணு பொட்டையாடி உனக்கு? இந்தா, சிரிக்கிறான் பாரு!”

இசைவாணி பார்த்தாள். கட்டங்கள் நகர்ந்தன, நின்றன.

“ஆமாம்மா, சிரிக்கிறான்.”

தெளிந்த படத்தை அழித்தாள். சோறு போட்டு, மேலே குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். கிழவி பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். மகள் சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படம் முடிய முடிய, இன்னொரு தரம் என்று அம்மா விரல் நீட்ட, மறுபடி மறுபடி அதைப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு முகங்களெல்லாம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். உங்கள் உலை பொங்கட்டும், ஒரு தட்டும் தள்ளிவைக்கப்படாதிருக்கட்டும்.