நாலாவது காயில்

ஆறு வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் பழைய பெட்ரோல் டிராக்டரைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியதிலிருந்து வீட்டில் நிம்மதி போய்விட்டது. ஸ்டார்ட் ஆவதில் குறையே இல்லை. ஆனால் தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு பாதி மேடு ஏறியதும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். திறந்து பார்த்தால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் தொட முடியாத சூட்டில் கிடக்கும். ஆறினால் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு ஒரேயடியாகச் செத்துப்போகும். இப்படி மூன்று காயில் போயாச்சு.

நாலாவதை வாங்கத் தலவாக்கலை டவுனுக்கு நானே போனேன். ஸ்பெயார் பார்ட்ஸ் கடை அஃப்ஹமோடு நல்ல சண்டை.

"டூப்ளிகேட் சாமான என் தலையில கட்டுறீங்களா?"

"அல்லா அறிய ஒரிஜினல் அக்கா! பன்னெண்டு வோல்ட்டுக்கு இதுதான் சரி. ஓடுற வண்டில இப்படிச் சுடாது. பிழை வேற எங்கயோ இருக்கு" என்றார்.

மறுநாள் காலை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இன்னைக்கும் கொழுந்து நடு ரோட்டுல வாடுச்சுன்னா, நாளையிலருந்து லொறியத்தான் எடுப்பேன். கோவிச்சுக்காதீங்க சுதர்ஷினி."

கோபம் என்ன கோபம், வயிறே எரிந்தது. டிராக்டர் வேலை நின்றால் நான் மறுபடி கொழுந்து பறிக்க, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். செத்தாலும் மாட்டேன் என்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"நீ எங்க வார?" என்றார் என் வீட்டுக்காரர் நல்லமுத்து.

"ஒங்க கூடத்தான். இந்தச் சனியன் எங்க சூடாகுதுன்னு பாக்காம எறங்க மாட்டேன்."

கொழுந்து நிறுக்கும் கீழ் மலை மடுவம் வரை காயிலை விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டே வந்தேன். வெதுவெதுப்புதான். அங்கே அவர் எஞ்சினை நிறுத்தினார். கொழுந்தை எடை போட்டு, மூட்டைகளை ஏற்றி, பிளேன்டீ குடித்து முடிக்க நேரமாகிவிட்டது. இதற்குள் ஆறியிருக்கும் என்று தொட்டேன். ஐயோ! விரல் பொசுங்கிவிட்டது.

நிற்கிற எஞ்சினில் அடுப்பு மூட்டியது யார்? சுற்றிப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் முருகன் படம் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. புது வோல்ட் வந்த சந்தோஷத்தில் இவர் மாட்டிய பல்புகள்.

"சாவிய ஏங்க திருப்பி வச்சிருக்கீங்க?"

"எஞ்சின நிப்பாட்டினா சாமி லைட்டும் அணைஞ்சிருதே. அதான் நிப்பாட்டிட்டு மறுபடி போட்டு வைப்பேன்."

"தெனமுமா?"

"ஆமா. காயில் எரிய எரிய கூட நேரம் போட்டு வச்சேன், சாமி காப்பாத்தட்டும்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். எஞ்சின் ஓடும்போது காயிலுக்குக் கரண்ட் விட்டு விட்டுத்தான் போகும். நின்ற எஞ்சினில் சாவியைப் போட்டு வைத்தால் விடாமல் பாய்ந்து காயிலை வேகவைக்கும். ஆறு வோல்ட் காலத்தில் இந்தப் படமும் இல்லை, பல்பும் இல்லை. இத்தனை நாளும் இந்த மனுசன் கும்பிட்டே காயிலைக் கொன்றிருக்கிறார்!

பல்பு வயரைச் சாவியிலிருந்து பிடுங்கி, நேராக பேட்டரியில் கட்டினேன். காயில் மேல் ஈரத்துணியைச் சுற்றி ஆறவைத்தேன். "சாமி குத்தம் ஆகிறாதா?" என்று அவர் முனகினார். "பேசாம வண்டிய எடுங்க!" என்றேன்.

வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. காயிலைத் தொட்டுப் பார்த்தேன். வண்டி நிற்கவில்லை. அடுத்த வளைவிலும் நிற்கவில்லை.

தேயிலை பெக்டரி வாசலில் கண்டாக்கு ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்த்தார். வாடவில்லை. "நாளைக்கு மேல் மலைக்கும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்லமுத்து எஞ்சினை நிறுத்தினார். பழக்க தோசம், கை மறுபடி சாவிக்கே போனது. நான் முந்திக்கொண்டு சாவியை உருவி இடுப்பில் செருகினேன்.

"ஐயோ, சாமி..." என்று பதறியவர் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். முருகன் சிவப்பும் பச்சையுமாக எரிந்துகொண்டேயிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. காயில் எரிந்த கோபத்தில் இத்தனை நாள் கும்பிடாமல் இருந்த நானும் அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.